அடிமைகளுக்கு ஏன் சீருடை இல்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோமானியச் சிலைகள் பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். இதில் யார் பெரிய மனிதர், யார் சாதாரண ஆள் என்று அந்தக் காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அடிமைகளுக்குத் தனி உடை இருந்ததா?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் சிலைகள் வெள்ளையாக இருந்ததே இல்லை. பளிங்குக்கு வண்ணம் பூசித்தான் நிறுத்தினார்கள், பூச்சு உதிர்ந்துவிட்டது, அதோடு நீங்கள் தேடும் அடையாளமும் போய்விட்டது. செனட்டர் என்றால் உள்ளே போடும் டூனிக் என்ற அங்கியில் தோளிலிருந்து இறங்கும் அகலமான ஊதாப் பட்டை. அதற்கு அடுத்த படியில் இருந்த ஈக்வைட் வகுப்புக்கு அதே பட்டை, ஆனால் குறுகலாக. டோகா என்பது அதற்கு மேல் சுற்றிக்கொள்ளும் துணி. வயது வந்தவரின் டோகா ஓரத்தில் ஊதாக் கரை இருந்தால் அவர் உயர் பதவியில் இருக்கிறார் என்று பொருள்.

ஊதா ஏன் என்றால், அதன் விலைதான். மத்தியதரைக் கடலின் நத்தைகளிலிருந்து எடுத்த சாயம் அது. 1909இல் ஃப்ரீட்லாண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளை உடைத்து வெறும் 1.4 கிராம் சாயம் எடுத்தார். கி.பி. 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலை உச்சவரம்பு ஆணையில் ஊதாச் சாயமிட்ட பட்டு ஒரு ராத்தலுக்கு 1,50,000 டெனாரியஸ் (ரோமானிய நாணயம்).

டோகாவே ஒரு அறிவிப்புதான். ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமான கம்பளித் துணி, ஆள் துணையில்லாமல் ஒழுங்காகக் கட்ட முடியாது, கட்டியபின் இடது கை மடிப்பைத் தாங்குவதற்கே சரியாக இருக்கும். எனக்குக் கையால் வேலை செய்யத் தேவையில்லை என்று ஊருக்குச் சொல்லும் உடை! ரோமானியக் குடிமகன் மட்டுமே அதை அணியலாம். ஆனால் அந்த உரிமை பிறப்பிலேயே கிடைத்தவர்கள் பாரம் தாங்காமல் அதை வீட்டில் போட்டுவிட்டு வந்தார்கள். டோகா இல்லாமல் யாரையும் நகரின் மையச் சதுக்கமான ஃபோரம் பக்கம் விடாதீர்கள் என்று பேரரசர் அகஸ்டஸ் அதிகாரிகளுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இல்லை, தனி உடை கிடையாது. ஏழைக் குடிமகன் வேலை நேரத்தில் போட்ட அதே டூனிக்தான் அடிமைக்கும். அடிமைகளுக்குத் தனி உடை கொடுக்கலாம் என்று ஒருமுறை செனட்டில் யோசனை வந்ததாக ரோமானியத் தத்துவ அறிஞர் செனகா எழுதுகிறார். அப்படிச் செய்தால் அடிமைகள் நம் தலைகளை எண்ணி, நாம் எவ்வளவு குறைவு என்று கண்டுகொள்வார்கள் என்ற பயம் வந்து, அதைக் கைவிட்டார்களாம். ரோமானிய சமூகத்தைப் பற்றி நான் படித்ததில் இவ்வளவு வெளிப்படையான வாக்குமூலம் வேறு இல்லை. மேலே இருப்பவர் பளிச்சென்று தெரிய வேண்டும், கீழே இருப்பவர்கள் தாங்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளவே கூடாது.

இதனால்தான் எனக்குச் செனட்டர் சிலைகளைவிட விடுதலை பெற்ற அடிமைகளின் கல்லறைச் சிற்பங்கள் பிடிக்கும். விடுதலையோடு குடியுரிமையும் வந்ததும், குடும்பத்தோடு வரிசையாக நின்று டோகா மடிப்பு ஒன்றுகூட விடாமல் செதுக்கச் சொல்லி, ரோமுக்கு வெளியே போகும் சாலையோரங்களில் வைத்தார்கள். போர்தா மஜ்ஜோரே வாசலருகே யூரிசேசஸ் என்ற ரொட்டி வியாபாரியின் கல்லறை இன்றும் நிற்கிறது. அவரும் முன்னாள் அடிமை என்றே பலர் கருதுகிறார்கள். மேலே ஓடும் சிற்பப் பட்டையில் மாவரைக்கிறார்கள், பிசைகிறார்கள், நீள மேசையில் ரொட்டி உருட்டுகிறார்கள், எல்லோரும் டூனிக்கில். அவர்கள் நடுவே டோகா கட்டிய ஆட்கள் மேற்பார்வை பார்க்கிறார்கள். உழைப்பை இழிவாகப் பேசிய ஊரில் உழைப்பையும் டோகாவையும் ஒரே கல்லில் காட்டிய அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அப்புறம், அடுத்த முறை சிலையைப் பார்க்கும்போது பாதத்தையும் கவனியுங்கள். செனட்டர்களின் காலணிக்குக் கணுக்காலுக்கு மேல் வார் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார்கள். முடிச்சைக் கல்லிலேயே செதுக்கியதால், வண்ணம் போன சிலையிலும் அது தெரியும்.