உண்மை வெளியே வந்தாலும் ஓட்டு மாறுவதில்லையே, அப்புறம் பத்திரிகை எதற்கு?

கேள்வியின் சாரம் இது: ஊடகம் முறைகேட்டை எழுதுகிறது, மக்களும் படிக்கிறார்கள், தேர்தல் வந்தால் பழைய கட்சிக்கே குத்துகிறார்கள். பிறகு ஜனநாயகத்தில் பத்திரிகைக்கும் விவரம் தெரிந்த மக்களுக்கும் என்ன வேலை?

ஓட்டு மாறவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கட்சிகளுக்கு வங்கி வழியாக நன்கொடை கொடுக்க உதவிய தேர்தல் பத்திரம் மூலம் திமுக பெற்ற 656.5 கோடியில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனம் கொடுத்தது என்று 2024 மார்ச்சில் ஊரே பேசியது. ஜூனில் அந்தக் கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் அள்ளியது. பத்திரங்களில் அதிகப் பணம் வாங்கிய பாஜக, இடங்கள் குறைந்தாலும் மூன்றாவது முறை ஆட்சி அமைத்தது. ஆனால் ஓட்டை மட்டும் வைத்து எடைபோட்டால் இந்த விவகாரத்தில் நடந்ததில் பாதி கண்ணில் படாது.

2018 ஜனவரியில் தேர்தல் பத்திரம் அறிவிக்கப்பட்டது. ஸ்டேட் பாங்கில் போய்ப் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை கிடைக்கும். யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது என்றது அரசு. தி குவின்ட் இணைய இதழின் நிருபர் பூனம் அகர்வால் அந்த ஏப்ரலில் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் இரண்டை வாங்கி, தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசை எண், பத்திரத்தின் வலது மேல் மூலையில் புற ஊதா ஒளியில் பளிச்சென்று தெரிந்தது. செய்தி வந்ததும் நிதி அமைச்சகம், அது போலிப் பத்திரத்தைத் தடுப்பதற்கான பாதுகாப்பு அம்சம்தான், வாங்குபவர் பெயரோடோ கட்சியின் பெயரோடோ வங்கி அதைக் குறித்து வைப்பதில்லை என்று விளக்கம் கொடுத்தது. அப்போதைக்கு விஷயம் அதோடு நின்றது.

அடுத்தது ஒரு பத்திரிகையாளர் தனியாகச் செய்திருக்க முடியாத வேலை. லோகேஷ் பத்ரா என்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு மேல் மனு போட்டு அரசின் கோப்புகளை வாங்கினார். அவற்றை வைத்து நிதின் சேத்தி என்ற பத்திரிகையாளர் 2019 நவம்பரில் தொடர் எழுதினார். இந்தத் திட்டத்தை ரிசர்வ் வங்கி ஆரம்பத்திலேயே எதிர்த்தது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. விவரம் தெரிந்த மக்கள் என்றால் 140 கோடிப் பேரும் காலையில் தலையங்கம் படிப்பது என்று நான் நினைப்பதில்லை. இப்படிப் பத்து ரூபாய்க் கட்டணம் கட்டிவிட்டு விடாமல் துரத்துகிற சிலர், அவர்கள் கொண்டுவந்த காகிதத்தைப் படித்துப் புரியவைக்க ஒரு நிருபர், பார்க்க நினைத்தால் பார்க்க முடிகிற மற்ற எல்லாரும். இவ்வளவு இருந்தால் போதும்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு திட்டத்தையே ரத்து செய்தது. கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது வாக்காளர் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல், அது பேச்சுரிமைக்குள் வருகிறது என்பது தீர்ப்பின் மையம். விவரம் தர ஸ்டேட் பாங்க் ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. 22,217 பத்திரங்களை ஒப்பிட வேண்டுமாம்! நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14 அன்று 763 பக்கத்துக்கு இரண்டு பட்டியல் வெளிவந்தது. நானும் இறக்கிப் பார்த்தேன். ஒன்றில் தேதி, வாங்கியவர், தொகை. இன்னொன்றில் தேதி, கட்சி, தொகை. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று மட்டும் தெரியாது. இரண்டு பட்டியலையும் இணைக்கிற, விடுபட்ட பத்திர எண்ணையும் கொடு என்று நீதிமன்றம் மறுபடி அதட்ட, 21ஆம் தேதி அதுவும் வந்தது. பூனம் அகர்வால் ஆய்வகத்தில் பார்த்த அதே வகை எண்தான்! வங்கியிடம் எல்லாம் பதிவாகி இருந்திருக்கிறது. ஜூன் வரை ஆகும் என்ற வேலையைப் பத்திரிகைக்காரர்களும் கணினி தெரிந்த ஆர்வலர்களும் சீக்கிரமே எக்ஸெலில் முடித்துவிட்டார்கள்.

திமுகவின் 509 கோடி இந்த எண் வருவதற்கு முன்பே தெரியும். நீதிமன்றம் கேட்டதற்கிணங்க அந்தக் கட்சியே தேர்தல் ஆணையத்திடம் சொன்னதுதான் அது. அதிமுகவும் சொன்னது, அதற்கு வந்தது 6.05 கோடி, பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் நிறுவனத்துடையது. ஐக்கிய ஜனதா தளத்தின் பதில்தான் உச்சம்: பாட்னா அலுவலகத்தில் யாரோ உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம், பிரித்தால் உள்ளே தலா ஒரு கோடி ரூபாய்க்குப் பத்துப் பத்திரங்கள்!

நம் ஊர் டிவி விவாதங்களில் எனக்குக் குறை உண்டு. கட்சிச் சேனல்களில் எப்போதும் அடுத்த வீட்டுப் பட்டியல்தான் ஓடும். அதனால்தான் மூலப் பட்டியலே நம் கையில் இருப்பது முக்கியம் என்கிறேன். எந்தத் தொகுப்பாளர் எதை மறைத்தாலும் நிறுவனத்தின் பெயரைத் தட்டிப் பார்த்துவிடலாம்.

யாரும் தண்டிக்கப்படவில்லையே என்று கேட்பீர்கள். ஆமாம், சிறப்பு விசாரணைக் குழு வேண்டும் என்ற மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. எனக்கும் அதில் ஏமாற்றம்தான். ஆனால் ஸ்டேட் பாங்க் கவுன்ட்டரில் இன்று யாரும் போய் அந்தப் பத்திரத்தை வாங்க முடியாது. அடுத்த முறை ஒரு நிறுவனத்துக்குப் பெரிய டெண்டர் போனால், அது முன்பு எந்தக் கட்சிக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தது என்பதை ஒரு மாவட்ட நிருபர்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து எடுத்து எழுதலாம்.