விவிலிய ஓவியமும் சின்னங்களும்: கேள்வி பதில்

கோவில் சுவர்களுக்கும் பீடங்களுக்கும் விவிலியக் காட்சிகளை வரைவது என் தொழில். கத்தோலிக்க ஓவியத்தில் சின்னங்களைக் கையாள்வது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. விலை, விற்பனை, போட்டிகள் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: ஐயா, பீடத்தின் முன்பக்கத்துக்கு ஆட்டுக்குட்டி வரையச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எந்த ஆட்டுக்குட்டி என்று முடிவு செய்வதிலிருந்து தொடங்குங்கள். விடுதலைப் பயணம் 12-ஆம் அதிகாரத்தில் வருவது, கதவு நிலைகளில் இரத்தம் பூசுவதற்காக அடிக்கப்படும் பாஸ்கா (எகிப்திலிருந்து விடுதலை பெற்றதன் விழா) ஆடு. எசாயா 53:7-இல் வருவது, கொல்லப்படப் போகும்போதும் வாய் திறவாத ஆடு. யோவான் 1:29-இல் வருவது, திருமுழுக்கு யோவான் உலகுக்குச் சுட்டிக்காட்டும் ஆட்டுக்குட்டி. திருவெளிப்பாடு 5:6-இல் வருவதோ ஏழு கொம்புகளும் ஏழு கண்களும் உடையது. கொல்லப்பட்டது போலத் தோன்றியும் நின்றுகொண்டிருக்கிறது.

இரண்டு ஓவியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்பானிய ஓவியர் சுர்பரான் 1635–40 வாக்கில் வரைந்தது மாத்ரித் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுத்த பின்னணி, சாம்பல் நிறப் பலகை, அதன்மேல் நான்கு கால்களும் ஒன்றாகக் கட்டப்பட்ட ஆடு. ஒளிவட்டம் இல்லை, சிலுவை இல்லை, எழுத்து இல்லை. கம்பளி மயிரின் சுருள்களும் கயிற்று முடிச்சும் மட்டுமே. அது எசாயாவின் ஆடு. வான் ஐக் சகோதரர்கள் கென்ட் நகருக்கு வரைந்து 1432-இல் நிறைவடைந்த பீட ஓவியத்தில் இருப்பது திருவெளிப்பாட்டின் ஆடு. பலிபீடத்தின்மேல் நான்கு கால்களையும் ஊன்றி நிற்கிறது; மார்பிலிருந்து இரத்தம் பாய்ந்து கிண்ணத்தில் விழுகிறது. அண்மைச் சீரமைப்பில் பிற்காலத்து மேற்பூச்சை அகற்றியபோது, பார்ப்பவரை நேருக்கு நேர் நோக்கும் கண்கள் வெளிப்பட்டன. சாதாரண ஆட்டின் கண்கள் பக்கவாட்டில் இருக்கும். ஓவியர் தெரிந்தேதான் முன்னோக்க வைத்திருக்கிறார்.

உங்களுடையது பீடம். அங்கே திருப்பலி நடக்கிறது. ஆகவே நிற்கும் ஆட்டையே வரையுங்கள். காயமும் தெரிய வேண்டும், நிலையாக நிற்பதும் தெரிய வேண்டும். கொல்லப்பட்டதற்கும் உயிரோடிருப்பதற்கும் அந்த இரண்டும்தான் சாட்சி. காயத்தை விட்டுவிட்டு, செல்லப் பிராணி போலக் கண்மூடிப் படுத்திருக்கும் குட்டியை வரைந்தால் திருவெளிப்பாட்டில் எதுவுமே மிஞ்சாது.

கேள்வி: அன்னை மரியாவுக்கு நீல உடை என்று விவிலியத்தில் எங்கே இருக்கிறது?

பதில்: எங்கும் இல்லை. இது ஓவியர்களும் காணிக்கை தந்தவர்களும் சேர்ந்து வளர்த்த மரபு. இடைக்காலத்து உயர்ந்த நீலம் லாபிஸ் லசூலி என்ற கல்லை அரைத்து எடுக்கப்பட்டது. அந்தக் கல் ஆப்கானிஸ்தானின் பதக்சான் மலைகளிலிருந்து வந்தது. கிடைத்தவற்றிலேயே அருமையானதை இறைவனின் தாய்க்குக் கொடுத்தார்கள். பைசாந்தியத் திருவோவியங்களில் பெரும்பாலும் உள்ளாடை நீலம், மேலாடை கருஞ்சிவப்பு. அமல உற்பவ அன்னைக்கு (பாவமின்றிக் கருவான மரியாவுக்கு) வெள்ளை அங்கியும் நீலப் போர்வையும் என்று 1649-இல் வெளியான தன் நூலில் ஸ்பானிய ஓவியர் பசேக்கோ விதித்தார். நிறத்தில் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. திருவெளிப்பாடு 12:1-இன் பெண்ணாக வரைந்தால் கதிரவன், காலடியில் நிலா, தலையில் பன்னிரு விண்மீன்கள் ஆகிய மூன்றையும் விடக் கூடாது. அவை வசனத்தில் இருப்பவை.

கேள்வி: எல்லாச் சின்னங்களுக்கும் பொருள் சொல்லும் பட்டியல் ஒன்று தர முடியுமா?

பதில்: தரமாட்டேன். காரணம் சொல்கிறேன்.

பட்டியலில் 'சிங்கம்' என்று தேடுகிறீர்கள். திருவெளிப்பாடு 5:5-இல் யூதா குலத்துச் சிங்கம் கிறிஸ்து. 1 பேதுரு 5:8-இல் யாரை விழுங்கலாம் என்று கர்ச்சித்துத் திரியும் சிங்கம் அலகை, அதாவது சாத்தான். 'பாம்பு' என்று தேடுகிறீர்கள். தொடக்க நூல் 3-இல் ஏமாற்றியது பாம்பு. எண்ணிக்கை 21-இல் மோசே கம்பத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். யோவான் 3:14-இல் இயேசு அதைத் தமக்கே ஒப்பிடுகிறார். ஒரே உருவம், எதிரெதிர்ப் பொருள். எது என்பதை அதிகாரம்தான் தீர்மானிக்கிறது.

எல்லோருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: பென்சிலை எடுக்கும் முன் அதிகாரம் முழுவதையும் படியுங்கள். ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுக்காதீர்கள்.

கேள்வி: நான்கு நற்செய்தியாளர்களின் உருவங்களை எப்படி இடம் பிரித்து வைப்பது?

பதில்: எசேக்கியேல் 1:10, திருவெளிப்பாடு 4:7 இரண்டிலும் மனிதன், சிங்கம், காளை, கழுகு வருகின்றன. நாம் பின்பற்றுவது விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித எரோணிமுவின் பங்கீடு. மூதாதையர் பட்டியலோடு தொடங்கும் மத்தேயுவுக்கு மனிதன். பாலைநிலக் குரலோடு தொடங்கும் மாற்குவுக்குச் சிங்கம். கோவிலில் குரு செக்கரியாவோடு தொடங்கும் லூக்காவுக்குப் பலிக் காளை. உயரத்தில் பறக்கும் முன்னுரைக்காக யோவானுக்குக் கழுகு. எரோணிமுவுக்கு முன்பு, தொடக்ககாலத் திருச்சபையின் ஆயர் இரேனியு சிங்கத்தை யோவானுக்கும் கழுகை மாற்குவுக்கும் கொடுத்திருந்தார். ஆகவே மிகப் பழைய படைப்புகளில் மாற்றம் கண்டால் பிழை என்று முடிவு கட்டாதீர்கள்.

இடம்: பார்ப்பவரின் இடப்பக்கம் மேலே மனிதன், கீழே சிங்கம், வலப்பக்கம் மேலே கழுகு, கீழே காளை. பிரான்சின் சார்த்ர் பேராலயத்தின் மேற்கு வாயிலில் கிறிஸ்துவைச் சுற்றி இப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இறக்கை உண்டு. இறக்கை இல்லாவிட்டால் அது வெறும் காளை.

கேள்வி: மரியாவுக்கு வெள்ளை உடை வரையலாமா?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஞானிகள் மூவர்தானே? மாட்டுத் தொழுவம் கட்டாயமா?

பதில்: மத்தேயு 2 எண்ணிக்கை சொல்லவில்லை, காணிக்கைகள்தாம் மூன்று. உரோமை நிலத்தடிக் கல்லறைகளில் இருவரும் இருக்கிறார்கள், நால்வரும் இருக்கிறார்கள். ஞானிகள் வந்தது 'வீட்டுக்கு' என்று மத்தேயு 2:11 சொல்கிறது. லூக்கா சொல்வது தீவனத் தொட்டியை மட்டும். மாடும் கழுதையும் எசாயா 1:3-இலிருந்து வந்தவை: தன் உடைமையாளரை அறிந்த மாடு, தன் தலைவரின் தீவனத் தொட்டியை அறிந்த கழுதை. அவற்றை வரையுங்கள், ஆனால் குழந்தையைப் பார்க்கும்படி வரையுங்கள். அறிந்துகொள்வதற்காகவே அவை அங்கே நிற்கின்றன.

கேள்வி: ஏவாள் கையில் ஆப்பிள்தானே?

பதில்: தொடக்க நூல் 'கனி' என்று மட்டுமே சொல்கிறது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ அத்தி மரம் வரைந்தார்.

கேள்வி: எங்கள் கோவிலுக்கு மூவொரு கடவுள் ஓவியம் கேட்கிறார்கள். தந்தையை வெண்தாடி முதியவராக வரையலாமா?

பதில்: வரையலாம். தானியேல் 7:9-இல் தொன்மை வாய்ந்தவர் வெண்ணிற ஆடையும் பஞ்சு போன்ற தலைமுடியுமாக அரியணையில் அமர்கிறார். அந்த உருவத்தை 1745-இல் எழுதிய கடிதத்தில் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஒரே தலையில் மூன்று முகம் வரையாதீர்கள். திருத்தந்தை 8-ஆம் உர்பான் 1628-இல் அதைத் தடை செய்தார்.

இடையில் ஒருவரின் மறுப்பு: ஐயா, இதை ஏற்க முடியவில்லை. "கடவுளை யாரும் என்றுமே கண்டதில்லை" என்று யோவான் 1:18 சொல்கிறது. 787-இல் இரண்டாம் நீசேயா சங்கம் படங்களை ஆதரித்ததே மகன் மனித உடல் எடுத்தார் என்பதால்தான். தந்தை உடல் எடுக்கவில்லையே!

பதில்: நல்ல மறுப்பு. நீசேயா சங்கம் வரையத்தக்கவர்களாகக் குறிப்பிடுவது ஆண்டவர் இயேசு, கன்னி மரியா, வானதூதர்கள், புனிதர்கள் ஆகியோரை; தந்தை அந்த வரிசையில் இல்லை. கீழைத் திருச்சபையில் 1666–67 மாஸ்கோ சங்கம் தந்தையின் உருவத்தைத் தடை செய்ததும் உங்கள் காரணத்தால்தான். கத்தோலிக்க விடை வேறு. இறை இயல்பை யாராலும் வரைய முடியாது என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இறைவாக்கினருக்குக் கடவுள் எந்த உருவில் தம்மைக் காட்டினாரோ அதை வரைகிறோம். தானியேல் கண்ட காட்சியை எழுத்தில் வாசிக்கலாம், வண்ணத்தில் காணக் கூடாது என்று சொல்ல நமக்குக் காரணம் இல்லை.

மற்றொருவர்: அப்படியென்றாலும் மக்கள் அந்தத் தாத்தாவைத்தானே கடவுள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்?

பதில்: நினைக்கிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. அதனால் என் சொந்த வேலையில் நான் பெரும்பாலும் பழைய வழியையே தேர்ந்தெடுக்கிறேன்: மேகத்திலிருந்து நீளும் கை. இத்தாலியின் இரவென்னா அருகே கிளாசே என்ற இடத்தில், 549-இல் நேர்ந்தளிக்கப்பட்ட புனித அப்போலினார் கோவிலில், இயேசு மலைமேல் ஒளிமயமாக மாறிய உருமாற்றக் காட்சி கற்பதிகையாக (சிறு வண்ணக் கற்களைப் பதித்த ஓவியமாக) இருக்கிறது. உச்சியில் தந்தையின் கை. நடுவில் மணிகள் பதித்த பெரிய சிலுவை. அதன் மையத்தில் சிறு வட்டத்துக்குள் கிறிஸ்துவின் முகம். இருபுறமும் மோசே, எலியா. பேதுரு, யாக்கோபு, யோவான் மூவருக்கும் பதிலாக அண்ணாந்து பார்க்கும் மூன்று ஆடுகள். மத்தேயு 17 முழுவதும் அங்கே இருக்கிறது. தந்தைக்கு முகம் கொடுக்காமலே அவர் பேசுவதைக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் முதியவர் உருவத்துக்கும் வலுவான எடுத்துக்காட்டு இருக்கிறது. புளோரன்ஸ் சாந்தா மரியா நொவெல்லாவில் மசாச்சோ 1427 வாக்கில் வரைந்த சுவரோவியத்தில் தந்தை சிலுவைக்குப் பின்னால் நின்று, குறுக்குக் கட்டையின் இரு பக்கமும் தம் கைகளால் தாங்குகிறார். மகனின் பலியைத் தந்தை ஏற்று நம்மிடம் நீட்டுவதைக் கையை மட்டும் வரைந்து இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியாது.

முதலில் மறுத்தவர்: அப்படியானால் தூய ஆவி மட்டும் பறவையா?

பதில்: லூக்கா 3:22 புறா வடிவில் இறங்கியதாகச் சொல்கிறது. திருத்தூதர் பணிகள் 2:3 நெருப்பு நாவுகள் என்கிறது. இரண்டும் வசனத்தில் இருப்பவை. ஆவியாரை அழகிய இளைஞராக வரையும் வழக்கத்தை அதே 1745 கடிதம் மறுத்தது. விவாதத்தை இத்துடன் நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு பழைய ஓவியத்தில் சிலுவையடியில் திருமுழுக்கு யோவான் நிற்கிறார். அவர் அதற்கு முன்பே தலை வெட்டப்பட்டவர் அல்லவா? ஓவியரின் தவறா?

பதில்: தவறு அல்ல. நீங்கள் பார்த்தது குரூனவால்ட் 1512–16-இல் வரைந்த ஈசன்ஹைம் பீட ஓவியமாக இருக்க வேண்டும். இப்போது கோல்மார் நகரில் இருக்கிறது. யோவானின் ஒரு கையில் திறந்த நூல். மறு கையின் சுட்டுவிரல் இயல்புக்கு மீறிய நீளத்தில் சிலுவையை நோக்கி நீள்கிறது. அந்தக் கைக்குப் பின்னால் சிவப்பு எழுத்தில் இலத்தீனில் யோவான் 3:30: அவர் வளர வேண்டும், நான் குறைய வேண்டும். காலடியில் சிலுவை தாங்கிய ஆட்டுக்குட்டி. அதன் இரத்தம் கிண்ணத்தில் விழுகிறது. யோவானின் சாவைச் சொல்லும் மாற்கு 6 பேசுவது நிகழ்ந்த காலத்தை. இங்கே யோவான் சாட்சியாக நிற்கிறார். சாட்சியத்துக்குச் சாவு இல்லை.

அந்த ஓவியம் முதலில் இருந்த ஈசன்ஹைம் மடத்து மருத்துவமனையில் தோலும் சதையும் அழுகும் 'அந்தோனியார் நெருப்பு' நோயாளிகள் இருந்தார்கள். ஓவியத்தில் கிறிஸ்துவின் உடல் முழுவதும் புண்கள். யாருக்காக வரைகிறோம் என்பதை அறிந்து வரைந்த ஓவியம் அது.

கேள்வி: நற்கருணைப் பேழைமேல் பெலிக்கான் பறவை வரையலாமா? எந்த வசனம்?

பதில்: வரையலாம். தன் மார்பைக் கொத்தி இரத்தத்தால் குஞ்சுகளைப் பிழைக்க வைக்கும் பெலிக்கான் என்ற கூழைக்கடாவின் கதை விவிலியத்தில் இல்லை. பிசியோலோகஸ் என்ற பழங்கால விலங்கு நூலிலிருந்து வந்தது. புனித தாமஸ் அக்குவினாஸ் நற்கருணைப் பாடலில் இயேசுவை அன்புள்ள பெலிக்கான் என்று அழைத்தார். வசனத்தில் இல்லாதது, ஆனால் திருச்சபையின் மன்றாட்டில் ஊறியது. அதுவும் ஊற்றுதான்.

கேள்வி: மரியாவின் முக்காடு என்ன நிறம்?

பதில்: இது மூன்றாவது முறை. தயவுசெய்து மேலே படியுங்கள்.

கேள்வி: இறை இரக்க ஆண்டவர் ஓவியத்தில் கதிர்களின் நிறத்தை மாற்றலாமா?

பதில்: கூடாது. இந்த உருவத்தைக் காட்சியில் கண்ட போலந்துத் துறவி புனித பவுஸ்தினாவின் வழிகாட்டலில் 1934-இல் ஓவியர் கசிமிரோவ்ஸ்கி வரைந்த முதல் படத்திலேயே வெளிறிய கதிர் தண்ணீரும் சிவப்புக் கதிர் இரத்தமுமாக அமைந்துவிட்டன. ஊற்று யோவான் 19:34. பார்ப்பவருக்கு வெளிறியது இடப்புறம், சிவப்பு வலப்புறம்.

கேள்வி: சின்னங்களின் பட்டியல் எங்கே கிடைக்கும்?

பதில்: சிங்கத்தைப் பற்றி மேலே எழுதியதைப் படியுங்கள். அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை.

கேள்வி: கணினி உருவாக்கித் தரும் படத்தை மாதிரியாக வைத்து வரையலாமா அண்ணா?

பதில்: ஆடை மடிப்புக்குப் பாருங்கள், தம்பி. சின்னங்களை அதனிடம் விடாதீர்கள். மத்தேயு 16:19-இன் திறவுகோல்கள் பேதுருவின் கையில்தான் இருக்க வேண்டும், வாள் பவுலின் கையில்தான். சிலுவைக் குறி பதித்த ஒளிவட்டம் கடவுளுக்கு மட்டுமே. புனிதர்களுக்கு வெறும் வட்டம். இவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: ஒளிவட்டத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டுவதா, தங்க நிற வண்ணம் பூசுவதா?

பதில்: முடிந்தால் அசல் ரேக்கு, அது கறுக்காது. செம்பும் துத்தநாகமும் கலந்த போலி ரேக்கு காற்றுப் பட்டால் கறுக்கும். மேலே வார்னிஷ் பூசி மூட வேண்டும். எதுவானாலும் முகம் வரைந்து முடித்த பிறகு ரேக்கை எடுக்காதீர்கள். பழைய பலகை ஓவியர்கள் முதலில் தங்கம் ஒட்டித் தேய்த்து மெருகேற்றிவிட்டே வண்ணத்தைத் தொட்டார்கள். ஈரம் காயாத முகத்தின்மேல் பறந்து ஒட்டும் ரேக்குத் துணுக்கை எடுக்க முயன்றால் முகமும் சேர்ந்து வந்துவிடும்.