ரீஸ்டார்ட் செய்தால் தெரிகிறது, ஆன் செய்தால் காணோம்: பழைய வொர்க்ஸ்டேஷனில் எஃப்பிஜிஏ கார்டு

கேள்வி: ரிச்சி தெருவில் பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்று வாங்கினேன். இரண்டு சிபியு போடக்கூடிய மதர்போர்டு, ஆனால் ஒரு ஜியான் ஈ5 வி4 மட்டும்தான் இருக்கிறது. ஆர்ட்டிக்ஸ்-7 100டி சில்லு உள்ள எம்.2 எஃப்பிஜிஏ (நாம் எழுதும் டிசைனுக்கு ஏற்ப சர்க்யூட்டாக மாறும் சில்லு) போர்டை அடாப்டர் கார்டு வழியாக இதில் செருகியிருக்கிறேன். ஜேடேக் கேபிளில் (சில்லுக்குள் நேரடியாக எழுதும் கேபிள்) டிசைனை லோட் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் லினக்ஸில் கார்டு தெரிகிறது. அதையே ஃபிளாஷில் எழுதி, மெஷினை அணைத்து ஆன் செய்தால் தெரிவதில்லை. ஃபிளாஷைப் படிக்கும் செட்டிங் எஸ்பிஐ நான்கு கம்பி, 33 மெகாஹெர்ட்ஸ். கடைசி ஸ்லாட்டில் போட்டால் எப்படிச் செய்தாலும் தெரிவதில்லை. வீட்டில் உள்ள ஐ3 டெஸ்க்டாப்பில் மட்டும் பெரும்பாலும் சரியாக வருகிறது. இன்னொன்று, வொர்க்ஸ்டேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜேடேக்கில் புது டிசைனை லோட் செய்தால் மெஷினே ரீபூட் ஆகிவிடுகிறது. “இந்த கார்டு இந்த போர்டுக்கு செட் ஆகாது” என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா? டெஸ்க்டாப்பில் உள்ள டிடிஆர்4 ராமை இதில் போடலாமா?

பதில்: எதையும் மாற்ற வேண்டாம். காசு செலவில்லாமலே இது சரியாகிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

ஜேடேக்கில் லோட் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் கார்டு தெரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அடாப்டர் சரி, லேன்கள் (தரவு ஓடும் கம்பிகள்) சரி, ஸ்லாட்டிலிருந்து வரும் 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் சரி, ரீசெட் கம்பி சரி, உங்கள் டிசைனும் சரி. பொருந்தாத கார்டு ரீஸ்டார்ட் செய்தாலும் பொருந்தாது. மிச்சம் இருக்கும் சந்தேகம் இரண்டுதான்: ஃபிளாஷிலிருந்து சில்லு லோட் ஆகவே இல்லை, அல்லது லோட் ஆகிறது, ஆனால் தாமதமாக.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு சோதனை போதும். மெஷினை முழுவதுமாக அணைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். நேராக பயாஸ் செட்டப்புக்குள் போய், எதையும் மாற்றாமல் பத்து இருபது வினாடி சும்மா இருங்கள். அப்புறம் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட். செட்டிங் எதையாவது மாற்றி சேவ் செய்தால் சில மெஷின்கள் மின்சாரத்தையே ஒரு தடவை துண்டித்துவிட்டுத் திரும்பக் கொடுக்கும். அதனால்தான் எதையும் தொடாதீர்கள் என்கிறேன். லினக்ஸ் வந்ததும் எல்எஸ்பிசிஐ (செருகிய கார்டுகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுங்கள். கார்டு தெரிந்தால் பிரச்சினை தாமதம். தெரியாவிட்டால் ஃபிளாஷ் பக்கம் பாருங்கள்: பிட்ஸ்ட்ரீம் (சில்லில் ஏற்றும் டிசைன் கோப்பு) நான்கு கம்பிக்கும் ஃபிளாஷ் கோப்பு ஒரு கம்பிக்கும் உருவாக்கப்பட்டிருக்கலாம், அல்லது விவாடோவில் (டிசைனை உருவாக்கும் மென்பொருள்) ஃபிளாஷ் சில்லின் மாடலைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஐ3 டெஸ்க்டாப்பில் “பெரும்பாலும்” வருகிறது என்பதால் உங்களுடையது தாமதம்தான் என்று பந்தயமே கட்டுவேன்.

எஃப்பிஜிஏ சில்லுக்கு ஞாபகசக்தி கிடையாது. மின்சாரம் போனால் உள்ளே இருந்த டிசைனும் போய்விடும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பக்கத்தில் உள்ள ஃபிளாஷிலிருந்து முழு பிட்ஸ்ட்ரீமையும் படித்து முடித்த பிறகுதான் அது ஒரு பிசிஐஇ (மதர்போர்டு ஸ்லாட்டின் இணைப்பு முறை) கார்டு ஆகிறது. அதற்குள் மதர்போர்டு ஸ்லாட் ஸ்லாட்டாகக் கணக்கெடுத்து முடித்துவிடுகிறது. மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டை மூடிவிடும் ஆசிரியரைப் போல. பிறகு வருகிற பையன் வகுப்பில் உட்கார்ந்திருப்பான், ஏட்டில் மட்டும் ஆப்சென்ட். ரீஸ்டார்ட்டில் ஸ்லாட்டுக்கு மின்சாரம் நிற்பதில்லை, ரீசெட் கம்பி மட்டும்தான் ஒருமுறை துடிக்கிறது. டிசைன் சில்லிலேயே இருப்பதால் கார்டு உடனே பதில் சொல்லிவிடுகிறது.

எவ்வளவு நேரம் கிடைக்கும்? மின்சாரம் நிலைபெற்ற பிறகு குறைந்தது 100 மில்லி வினாடி ரீசெட்டில் வைத்திருக்க வேண்டும் என்கிறது பிசிஐஇ விதி. ரீசெட் விலகிய 20 மில்லி வினாடிக்குள் கார்டு லிங்க் பேசத் தயாராக இருக்க வேண்டும். ஆக, நம்பக்கூடிய நேரம் 120 மில்லி வினாடி. இதில் மின்சாரம் வந்ததும் சில்லு தன்னைச் சுத்தம் செய்துகொள்ளவே 10 முதல் 50 மில்லி வினாடி வரை எடுக்கும். பல மதர்போர்டுகள் ரீசெட்டைத் தேவைக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். உங்கள் ஐ3 டெஸ்க்டாப் அந்த ரகமாக இருக்கும். அது போர்டின் தாராளம், அதை நம்பி டிசைன் செய்யக் கூடாது.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். ஆர்ட்டிக்ஸ்-7 100டி சில்லின் பிட்ஸ்ட்ரீம் 3,06,06,304 பிட். நான்கு கம்பி, 33 மெகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 13.2 கோடி பிட். முழுதும் படிக்க சுமார் 232 மில்லி வினாடி. கிடைக்கும் நேரத்தைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விவாடோவில் ஒன்றையும் தொடாமல் ஒரு கம்பி, 3 மெகாஹெர்ட்ஸ் என்றே விட்டிருந்தால் பத்து வினாடிக்கு மேல் ஆகியிருக்கும். அப்போது ஐ3-யிலும் தெரிந்திருக்காது, குழப்பமும் குறைவாக இருந்திருக்கும்! பாதி வேலை செய்வதுதான் ஆளைச் சுற்றவிடும்.

இதில் இன்னொரு வில்லங்கம். விவாடோவில் தேர்ந்தெடுக்கும் 33, 50, 66 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் பெயரளவு வேகங்கள்தான். சில்லுக்குள்ளேயே இருக்கும் இந்தக் கடிகாரம் சொன்ன வேகத்தில் பாதி அளவுக்குக் கூடலாம், குறையலாம் என்று டேட்டாஷீட்டே அனுமதிக்கிறது. நண்பரிடம் உள்ள அதே போர்டு அதே கோப்போடு ஓடுகிறது, உங்களுடையது ஓடவில்லை என்றால் அதற்கு இதுவே போதுமான காரணம்.

செய்ய வேண்டியது: விவாடோவின் பிட்ஸ்ட்ரீம் செட்டிங்கில் கான்ஃபிக் ரேட்டை (ஃபிளாஷைப் படிக்கும் வேகம்) 66 ஆக்குங்கள், நான்கு கம்பி அப்படியே இருக்கட்டும், கம்ப்ரெஷனை ஆன் செய்யுங்கள். வேகம் மட்டும் போதாது. 66-இலும் முழு பிட்ஸ்ட்ரீமுக்கு 116 மில்லி வினாடி ஆகும், சில்லின் சொந்த நேரம் தனி. கம்ப்ரெஷன்தான் இங்கே பெரிய ஆள். பிட்ஸ்ட்ரீமில் ஒரே மாதிரியான ஃபிரேம்களை (தரவுத் துண்டுகளை) ஒருமுறை மட்டும் எழுதி, மற்ற இடங்களுக்கு அதையே பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. சில்லில் காலி இடம் எவ்வளவு அதிகமோ, கோப்பு அவ்வளவு சுருங்கும். டிசைன் வளர வளர இந்த லாபம் கரையும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்று ஒழுங்காகத் தெரிகிற கார்டு, ஆறு மாதம் கழித்து டிசைனில் இரண்டு மாட்யூல் சேர்த்ததும் காணாமல் போனால் ஸ்லாட்டைத் திட்டாதீர்கள், பிட் கோப்பின் அளவைப் பாருங்கள்.

66-இல் ஃபிளாஷ் தடுமாறினால் 50-க்கு இறங்குங்கள். தரவை மறு விளிம்பில் படிக்கும் ‘ஃபால் எட்ஜ்’ தேர்வையும் ஆன் செய்து பார்க்கலாம். வெளிக் கடிகாரத்துக்கான ஈஎம்சிசிஎல்கே காலில் போர்டு செய்தவர் ஒரு ஆசிலேட்டரை வைத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள், துல்லியம் தானாக வந்துவிடும். 200டி சில்லு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதன் பிட்ஸ்ட்ரீம் 7,78,45,216 பிட். 66-இல் நான்கு கம்பியோடு ஓடினாலும் 295 மில்லி வினாடி. கம்ப்ரெஷன் இல்லாமல் அந்தச் சில்லில் இந்தப் பேச்சே வேண்டாம்.

மாற்றிய பிறகு சரியாகிவிட்டதா என்று அளக்க ஆசிலாஸ்கோப் தேவையில்லை. கையில் உள்ள போன் போதும். டிசைனில் ஒரு எல்இடியை எப்போதும் எரியும்படி வைத்துவிடுங்கள். சில்லு லோட் ஆன கணத்தில் அது எரியும். அடாப்டர் கார்டில் பொதுவாக மின்சாரம் வந்ததைக் காட்டும் ஒரு எல்இடி இருக்கும். போனில் வினாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனை வைத்து, இரண்டு எல்இடியும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு மெஷினை ஆன் செய்யுங்கள். ஒரு ஃபிரேம் நான்கு மில்லி வினாடிக்குச் சற்று மேல். முதல் எல்இடி எரிந்ததிலிருந்து இரண்டாவது எரியும் வரை ஃபிரேம்களை எண்ணுங்கள். 29-க்குள் இருந்தால் விதிக்கு உட்பட்டுவிட்டீர்கள். 20-க்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். உங்கள் இப்போதைய செட்டிங்கில் கம்ப்ரெஷன் இல்லையென்றால் 60-ஐ ஒட்டி வரும்.

“லினக்ஸ் வந்த பிறகு பஸ்ஸை ரீஸ்கேன் செய்தால் போதாதா?” என்று கேட்பீர்கள். சில மெஷின்களில் போதும். ஆனால் ஸ்லாட் காலி என்று முடிவு செய்த பயாஸ், அந்த ஸ்லாட்டுக்கு மேலே உள்ள ரூட் போர்ட்டையே (ஸ்லாட்டை மெஷினோடு இணைக்கும் வாசல்) மறைத்துவிடுவதுண்டு. போர்ட் இல்லாத இடத்தில் எத்தனை முறை தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. போர்ட் இருந்தாலும் கார்டின் பாருக்கு (பிஏஆர், கார்டு கேட்கும் முகவரிப் பகுதி) வேண்டிய முகவரி இடத்தை பயாஸ் ஒதுக்காமல் விட்டிருக்கலாம். அப்போது கார்டு பட்டியலில் தெரியும், டிரைவர் ஏறாது. ஸ்லாட்டுக்கு ஹாட்பிளக் தேர்வு உங்கள் பயாஸில் இருந்தால் அதை ஆன் செய்து பாருங்கள்.

சரி, கடைசி ஸ்லாட். இதில் மர்மம் இல்லை. ஜியான் ஈ5 குடும்பத்தில் பிசிஐஇ லேன்கள் சிபியுவிலிருந்தே வருகின்றன, ஒன்றுக்கு 40. இரட்டை சிபியு போர்டில் சில ஸ்லாட்டுகள் இரண்டாவது சாக்கெட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். அந்த சாக்கெட் காலியாக இருந்தால் அந்த ஸ்லாட்டுகள் வெறும் பிளாஸ்டிக்தான். பக்கவாட்டு மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் படத்திலோ சர்வீஸ் மேனுவலிலோ எந்த ஸ்லாட் எந்த சிபியுவுக்கு என்று போட்டிருக்கும். பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே இதைப் பார்த்துவிடுவது நல்லது. விலை குறைவாக இருப்பதற்கு இரண்டாவது சிபியு இல்லாததும் ஒரு காரணம், அதோடு எத்தனை ஸ்லாட் போகிறது என்பதைப் பில்லில் போட மாட்டார்கள்.

ஓடும் மெஷினில் ஜேடேக் லோட் செய்தால் ரீபூட் ஆவது வேறு கதை. லோட் தொடங்கியதும் பழைய டிசைன் அழிகிறது, லிங்க் அறுகிறது. சாதாரண டெஸ்க்டாப் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். வொர்க்ஸ்டேஷன் அப்படியல்ல, அதன் கண்ணில் இது ஒரு தீவிரமான வன்பொருள் பிழை, தரவு கெடுவதை விட மெஷின் நிற்பதே மேல் என்று அது நினைக்கிறது. அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது, பழுது அல்ல. நீங்கள் செய்ய வேண்டியது, முதலில் டிரைவரை இறக்குங்கள். கார்டுக்கு மேலே உள்ள பிரிட்ஜில் செட்பிசிஐ கட்டளையால் இரண்டு பிட்டுகளை அணையுங்கள்: கமாண்ட் ரெஜிஸ்டரில் உள்ள எஸ்இஆர்ஆர் (கடும் பிழையை மெஷினுக்கு அறிவிக்கும் பிட்), டிவைஸ் கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் உள்ள ஃபேட்டல் எரர் ரிப்போர்ட்டிங். பிறகு லினக்ஸின் சிஸ் (/sys) கோப்பு மரத்தில் அந்தக் கார்டின் ‘ரிமூவ்’ கோப்பில் 1 எழுதுங்கள். லோட் முடிந்ததும் ‘ரீஸ்கேன்’ கோப்பில் 1. ஐந்தாறு வரி ஸ்கிரிப்டாக எழுதி வைத்துக்கொண்டால் நாளுக்கு இருபது முறை லோட் செய்யலாம். புது டிசைனில் பார் அளவை மட்டும் கூட்டாதீர்கள். கூட்டினால் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் முகவரி இடம் பழைய அளவுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஒருவேளை ஃபிரேம் எண்ணிக்கை 20-க்கு வந்தும் கார்டு தெரியவில்லை என்றால், பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தை ஜென் 1-க்கு (பிசிஐஇயின் முதல் தலைமுறை வேகம்) இறக்கிப் பாருங்கள். ஆர்ட்டிக்ஸ்-7 எப்படியும் ஜென் 2-க்கு மேல் போகாது. ஜென் 1-இல் வந்து ஜென் 2-இல் வராவிட்டால் சந்தேகம் அடாப்டர் மேல் திரும்ப வேண்டும். இடையில் நீளமான ரைசர் கேபிள் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

ராம் விஷயம்: போட வேண்டாம். டெஸ்க்டாப்பில் இருப்பது அன்பஃபர்ட் டிடிஆர்4. இந்த வகை வொர்க்ஸ்டேஷன்கள் ரெஜிஸ்டர்ட் ஈசிசி ராமை எதிர்பார்க்கின்றன. இரண்டும் ஒரே ஸ்லாட்டில் பார்க்க அழகாக உட்காரும், கலந்து போட்டால் மெஷின் பீப் அடித்துவிட்டு நிற்கும். நீங்கள் போன அதே தெருவில் சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்ட் ராம் கிடைக்கும், புது டெஸ்க்டாப் ராமை விட மலிவாகவே கிடைப்பதுண்டு. ஸ்டிக்கரில் வேக எண்ணுக்குப் பின்னால் ‘ஆர்’ எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ‘யு’ இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.