வெள்ளி பாதி நிலா மாதிரித் தெரிவது லென்ஸ் கோளாறா?

மும்பை செம்பூர் பால்கனியிலிருந்து 70 மி.மீ. தொலைநோக்கியில் பார்த்தால் வெள்ளி பாதி நிலா மாதிரி, ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக நெளிகிறது, லென்ஸ் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து லென்ஸைக் கழற்றாதீர்கள், அது நன்றாகவே இருக்கிறது. வெள்ளிக்கும் வளர்பிறை, தேய்பிறை உண்டு. 1610-ல் கலிலியோ கண்டதும் இதைத்தான். வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. எனக்கு இன்றும் சிலிர்ப்பு தரும் காட்சி அது.

நெளிவதும் நிறம் பிரிவதும் பெரும்பாலும் காற்றின் வேலை. நன்றாக இருட்டிய பிறகு பார்ப்பதாகச் சொல்கிறீர்கள். அதற்குள் வெள்ளி மேற்கே கடல் பக்கம் தாழ்ந்துவிடும். பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் சுவர் வேறு சூடு கக்கும். சூரியன் முழுதாக மறைந்ததும், வானம் வெளுத்திருக்கும்போதே பாருங்கள். கண் கூசாது, விளிம்பும் தெளியும். அதற்கு முன்னால் மட்டும் குழாயை அந்தப் பக்கம் திருப்பவே வேண்டாம், கண் போய்விடும்.

மேடு பள்ளம் எந்தத் தொலைநோக்கியிலும் கண்ணுக்குத் தெரியாது, கந்தக அமில மேகம் மூடியிருக்கிறது. 1990-ல் போய்ச் சேர்ந்த மெகல்லன் விண்கலமும் ரேடாரால்தான் தரையைப் படமெடுத்தது. அப்புறம், வாரம் ஒருமுறை அதே ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) பார்த்து வரைந்து வையுங்கள். வெள்ளி நம்மை நெருங்க நெருங்க, பிறை மெலிந்துகொண்டே அளவில் பெரிதாகும்.