மரவட்டையின் ஏழாவது வளையம்: கேள்வி பதில்

ஐப்பசி மழை பிடித்த நாளிலிருந்து எனக்கு வரும் படங்களில் பாதி மரவட்டைதான். குளியலறைச் சுவரில் ஒன்று, தொட்டிச் செடியில் ஒன்று, வாசல் கோலத்தின் நடுவில் சுருண்டு கிடப்பது ஒன்று. கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமிருந்தும் கேட்டவர்களுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): சார், நாங்கள் ரயில் பூச்சி என்போம். என் மாமியார் மரவட்டை என்பார். அட்டை என்றால் ரத்தம் உறிஞ்சுமே? இது பூச்சியா, புழுவா?

பதில்: இரண்டும் இல்லைம்மா. ரத்தம் உறிஞ்சும் அட்டை மண்புழுவுக்கு உறவு. அதற்கு ஓடும் கிடையாது, காலும் கிடையாது. மரவட்டையோ நண்டு, இறால், சிலந்தி, கரப்பான் எல்லாம் சேர்ந்த கணுக்காலித் தொகுதியைச் சேர்ந்தது. பூச்சி என்றால் ஆறு கால் இருக்க வேண்டும், உடல் மூன்று பகுதியாக இருக்க வேண்டும். மரவட்டைக்கு ஒரு தலை, அதற்குப் பின்னால் வளையம் வளையமாக உடல், அவ்வளவுதான். உங்கள் வீட்டு 'ரயில்' நல்ல பெயர். ஒவ்வொரு வளையமும் ஒரு பெட்டி மாதிரிதான் கோத்திருக்கிறது.

கணுக்காலிகளில் மிரியபோடா என்று ஒரு பிரிவு உண்டு, பலகாலிகள். அதில் நான்கு வகுப்புகள். பூரான் ஒன்று, மரவட்டை ஒன்று, மற்ற இரண்டும் மண்ணுக்குள் வாழும் மிகச் சிறிய உயிர்கள். மரவட்டை வகுப்பின் பெயர் டிப்ளோபோடா. 'இரட்டைக் கால்' என்று பொருள். இந்தப் பெயரில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நாம் ஒரு வளையம் என்று பார்ப்பது உண்மையில் இரண்டு வளையங்கள் ஒட்டி ஒன்றானது. அதனால்தான் பெரும்பாலான வளையங்களுக்கு இரண்டு ஜோடிக் கால். கால் மட்டுமல்ல, மூச்சுத் துளைகளும் இரண்டு ஜோடி, உள்ளே நரம்பு முடிச்சுகளும் இரண்டு ஜோடி.

கேள்வி (முத்தியால்பேட்டை): எங்கள் தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்தவர். இதை 'மில் பாத்' என்பார், ஆயிரம் கால் என்று அர்த்தமாம். நிஜமாகவே ஆயிரம் கால் உண்டா?

பதில்: தாத்தா சொன்னது சரிதான், பிரெஞ்சில் அதற்கு அதுதான் பெயர். ஆனால் ரொம்ப காலம் வரை ஆயிரத்தைத் தொட்ட மரவட்டை எதுவும் அகப்படவில்லை. கலிஃபோர்னியாவில் 750 கால் கொண்ட ஒரு இனம்தான் முதலிடத்தில் இருந்தது. பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவில், சுரங்க ஆய்வுக்காகத் தோண்டிய குழியில், 60 மீட்டர் ஆழத்தில் நூல் மாதிரி மெல்லிய ஒன்று கிடைத்தது. கண் இல்லை, நிறம் இல்லை. கால்கள் 1,306. 2021-இல் அதற்கு யூமில்லிபஸ் பெர்செஃபோனி என்று பெயரிட்டார்கள். நம் வாசலில் ஊர்வதற்கு இருநூறைத் தாண்டினாலே அதிகம்.

கேள்வி (செம்மண்டலம்): பூரானையும் இதையும் இருட்டில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? குழந்தை இருக்கிற வீடு.

பதில்: பூரான் தட்டையாக இருக்கும், வேகமாக ஓடும். கால்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும், வளையத்துக்கு ஒரு ஜோடிதான். அது வேட்டையாடும் உயிர், தலைக்கு அடியில் விஷக் கொடுக்கு உண்டு. மரவட்டை மெதுவாக நகரும், தொட்டால் சுருளும். அதற்குக் கடிக்கும் கொடுக்கே கிடையாது. குழந்தை வாயில் வைத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (லாஸ்பேட்டை): எங்கள் தோட்டத்தில் மூன்று விதமாகப் பார்க்கிறேன். எல்லாம் ஒரே இனமா? எப்படி வகைப்படுத்துகிறார்கள்?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

உலகில் இதுவரை பெயர் வைத்தவை பன்னிரண்டாயிரம் இனங்களுக்கு மேல். அவற்றை 16 வரிசைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் பிளவிலேயே ஒரு சின்ன வரிசை தனியாகப் போய்விடும், பாலிக்ஸெனிடா. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், உடலெங்கும் தூரிகை மாதிரி மயிர், ஓட்டில் சுண்ணாம்பு கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் ஓடு சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்பட்டது. செத்த மரவட்டை வெயிலில் காய்ந்தால் வெள்ளை வளையங்களாக, உடைந்த குட்டி வளையல் போலச் சிதறிக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள், நுரைக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பும் அதுவும் ஒரே கால்சியம் கார்பனேட்டிலிருந்து வருபவை.

உங்கள் படங்களுக்கு வருகிறேன். செங்கல் நிறத்தில், விரல் நீளத்துக்கு உருண்டையாக இருப்பது ட்ரைகோனியூலஸ் கோரலினஸ். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து உலகமெங்கும் தொட்டி மண்ணோடு பரவிய இனம். நம்மூரில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். மரவட்டைகளில் முதன்முதலில் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டதும் இதற்குத்தான். கறுப்பு உடலில் முதுகோடு நீளவாக்கில் சிவப்புப் பட்டை உள்ளது ஸீனோபோலஸ் கார்னிஃபெக்ஸ். இரண்டுமே ஸ்பைரோபோலிடா வரிசை. பூதக்கண்ணாடியை அதன் முகத்துக்கு நேரே பிடியுங்கள். நெற்றியிலிருந்து வாய் வரை நடுவில் ஒரு கோடு இறங்கும், வகிடு எடுத்த மாதிரி. அந்தக் கோடு இருந்தால் ஸ்பைரோபோலிடா. கிட்டத்தட்ட அதே உருவத்தில் இருக்கும் ஸ்பைரோஸ்ட்ரெப்டிடா வரிசைக்கு அந்தக் கோடு இராது.

மூன்றாவது படம் வேறு கதை. கறுப்பு முதுகு, இரண்டு ஓரத்திலும் மஞ்சள் செதில்கள் நீட்டிக்கொண்டு தட்டையாக இருக்கிறது. அது பாலிடெஸ்மிடா வரிசை. பதினாறில் மிகப் பெரிய வரிசை அதுதான். அதில் எதற்கும் கண் கிடையாது. ஒரு மரவட்டைக்குக் கண் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): நிறத்தை வைத்தே இனம் சொல்லிவிட முடியாதா? எல்லாரும் ஏழாவது வளையம், ஏழாவது வளையம் என்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

பதில்: நிறம் ஏமாற்றும். வயது, ஈரம், தோல் உரித்து எத்தனை நாள் என்பதைப் பொறுத்து மாறும். செங்கல் நிற இனம் தோல் உரித்த அன்றைக்கு வெளிறிப்போய் அடையாளமே தெரியாது.

ஒரு கண்ணாடி டம்ளருக்குள் விட்டு, அது நடக்கும்போது அடியிலிருந்து பாருங்கள். தலையை ஒட்டிய முதல் வளையம் சட்டைக் காலர் மாதிரி இருக்கும். பெரும்பாலான வரிசைகளில் அதற்குக் கால் இல்லை. அடுத்த மூன்றுக்கு ஒவ்வொரு ஜோடி. ஐந்தாவதிலிருந்து இரண்டிரண்டு ஜோடி. ஸ்பைரோபோலிடாவில் மட்டும் கால்கள் கொஞ்சம் முன்னே தள்ளி, முதல் ஐந்து வளையங்களுக்கும் ஒவ்வொரு ஜோடியாகத் தெரியும். கூட்டிப் பாருங்கள், இரண்டு கணக்கிலும் ஐந்தாவது வளையம் முடியும்போது ஐந்து ஜோடிதான் வரும்.

இப்போது ஏழாவது வளையத்துக்கு வாருங்கள். சிலவற்றில் அங்கே கால் வரிசை சட்டென்று விட்டுப்போயிருக்கும், பல் விழுந்த இடம் மாதிரி. அது ஆண். அந்த வளையத்தின் கால்கள் நடப்பதை விட்டுவிட்டு, இனச்சேர்க்கைக்கான கருவியாக மாறி உள்ளே மடங்கியிருக்கின்றன. கோனோபாட் என்பார்கள். விந்து வெளிவரும் துளை அங்கே இல்லை, முன்னால் இரண்டாவது ஜோடிக் காலருகே இருக்கிறது. ஆண் முதலில் அங்கிருந்து விந்தை எடுத்து இந்தக் கருவியில் ஏற்றிக்கொண்டு, பிறகுதான் பெண்ணிடம் சேர்க்கும். ஸ்பைரோபோலிடாவில் இரண்டு ஜோடிகளுமே கோனோபாட்களாக மாறும். அதில் பின் ஜோடிதான் விந்தைக் கொண்டுசேர்க்கும். ஸ்பைரோஸ்ட்ரெப்டிடாவில் முன் ஜோடி அந்த வேலையைச் செய்யும், பின் ஜோடி தேய்ந்தோ இல்லாமலோ போயிருக்கும். பாலிடெஸ்மிடாவில் முன் ஜோடி மட்டும் மாறும், பின் ஜோடி சாதாரணமாக நடக்கும்.

இந்தக் கருவியின் கொக்கி, மடிப்பு, முள் எல்லாம் இனத்துக்கு இனம் வேறு. வெளியே அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மரவட்டைகள் இங்கே முற்றிலும் வேறாக இருக்கும். 1936-இல் கார்ல் ஆட்டெம்ஸ் இந்திய மரவட்டைகளைத் தொகுத்து எழுதியபோதும் இந்த உறுப்பின் படங்கள்தான் அடிப்படை. இன்றைக்கும் அப்படித்தான். ஆண் கிடைக்காமல் பெண் மட்டும் கிடைத்தால் இனம் சொல்ல நிபுணர்களே தயங்குவார்கள். நீங்கள் அனுப்பும் படத்தைப் பார்த்து நான் பல நேரம் பேரினத்தோடு, அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்தோடு, நிறுத்திக்கொள்வதும் இதனால்தான்.

கேள்வி (பாகூர்): எங்களுடையது கீற்றுக் கொட்டகை. மழைக்காலத்தில் மேலிருந்து சிவப்புக் கோடு போட்டது விழுந்துகொண்டே இருக்கிறது. கையால் எடுத்துப் போட்டேன், விரல் காவி நிறமாகிவிட்டது, சோப்புப் போட்டும் போகவில்லை. விஷமா?

பதில்: முன்னே சொன்ன ஸீனோபோலஸ்தான் அது. தென்னிந்தியக் கூரை வீடுகளுக்கு நன்றாகத் தெரிந்த ஆள். ஈரம் பிடித்து மக்கத் தொடங்கிய கீற்று அதற்கு வீடு, உணவு இரண்டும். பழைய கீற்றை மாற்றிக் கூரையைக் காயவைத்தால் குறையும், மருந்து அடித்துக் குறைந்து நான் பார்த்ததில்லை.

கறைக்குக் காரணம் பென்சோகுவினோன் என்ற வேதிப்பொருள். வளையங்களின் பக்கவாட்டில், ஆறாவதிலிருந்து பின்னோக்கி, புள்ளி வைத்த மாதிரி துளைகள் தெரியும். பயந்தால் அவை வழியாக அந்தத் திரவம் கசியும். எறும்பும் பறவையும் அதற்காகத்தான் விலகிப்போகும். என் கட்டைவிரலில் ஒரு வாரம் இருந்தது, தானாக உதிர்ந்தது. தொட்ட உடனே கழுவினால் கறை லேசாக நிற்கும். கண்ணில் மட்டும் படக் கூடாது. பட்டால் கசக்காமல், ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி (அரியாங்குப்பம்): தட்டையான மரவட்டையை நகர்த்தியபோது பாதாம் எசென்ஸ் வாசனை வந்தது. என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை. பாலிடெஸ்மிடாவின் சுரப்பி இரண்டு அறை கொண்டது. ஒன்றில் மூலப்பொருளைச் சேமித்து வைக்கும், மற்றதில் நொதி இருக்கும். ஆபத்து வரும்போது இரண்டையும் கலக்கும். அப்போது பிறப்பது பென்சால்டிஹைடும் ஹைட்ரஜன் சயனைடும். பாதாம் வாசனை முதலாவதுடையது. சயனைடு என்றதும் பயப்படாதீர்கள். ஒரு மரவட்டையிடம் உள்ள அளவு எறும்பை விரட்டப் போதும், நமக்கு ஒன்றும் ஆகாது. டப்பாவில் பத்துப் பதினைந்தை அடைத்து மூடி மட்டும் வைக்காதீர்கள், அவையே செத்துப்போகலாம்.

கேள்வி (கூத்தப்பாக்கம்): உப்புப் போட்டால் போய்விடுமா? மண்ணெண்ணெய்?

பதில்: தயவுசெய்து இரண்டும் வேண்டாம். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. மரவட்டையின் ஓட்டில் பூச்சிகளுக்கு இருப்பது போன்ற மெழுகுப் பூச்சு சரியாக இல்லை, அதனால் சீக்கிரம் காய்ந்துவிடும். மண் முழுக்க நீர் நிறைந்தால் மூச்சுத் துளைகளுக்குக் காற்று கிடைக்காது, மேலே வந்துவிடும். உங்கள் குளியலறைக்கு வந்தது ஒதுங்கத்தான். முறத்தில் அள்ளித் தோட்டத்துச் சருகில் விடுங்கள். கதவடி இடுக்கை அடையுங்கள், சுவரோரம் சருகு குவியாமல் பாருங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் அடிச்சருகைக் கிளறிப் பாருங்கள், அதை நறுக்கி நறுக்கி மண்ணாக்குபவர்களில் இவையும் உண்டு. நாற்றங்காலில் இளம் வேரையோ தரையில் கிடக்கும் பழத்தையோ கடிப்பதும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அங்கே மட்டும் மூடாக்கைத் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி (நெல்லித்தோப்பு): எங்கள் பூந்தொட்டியில் உருண்டையாகச் சுருளும் சாம்பல் நிறப் பூச்சியும் மரவட்டையா?

பதில்: பட்டாணியைவிடச் சிறியது, கால் ஏழு ஜோடி என்றால் அது நண்டு, இறால் வகையறா. மரவட்டையிலும் கோலிக்குண்டு மாதிரி உருளும் வரிசை உண்டு, ஸ்ஃபீரோதீரிடா. அதன் ஆர்த்ரோஸ்ஃபேரா பேரினத்தை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பார்க்கலாம். அந்த வரிசையில் ஆணின் இனக் கால்கள் ஏழாவது வளையத்தில் இல்லை, உடலின் கடைசியில் இருக்கும்.

கேள்வி (கடலூர் முதுநகர்): திருவக்கரை கல்மரங்களைப் பார்த்துவிட்டு வந்தோம். மரவட்டை அந்தக் காலத்திலேயே உண்டா?

பதில்: அந்த மரங்களுக்கு இரண்டு கோடி ஆண்டு என்கிறார்கள். மரவட்டை அதற்கும் ரொம்ப முந்தியது. ஸ்காட்லாந்தில் மைக் நியூமன் கண்டெடுத்த புதைபடிவம் 40 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது. 2004-இல் அவர் பெயரையே சேர்த்து நியூமோடெஸ்மஸ் நியூமனி என்று பெயரிட்டார்கள். அதில் மூச்சுத் துளைகள் தெரிந்தன. அதாவது, தரையில் காற்றைச் சுவாசித்ததற்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று மரவட்டை இனத்தினுடையது.

கேள்வி (வில்லியனூர்): நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். மஞ்சள் ஓரம் உள்ள தட்டை மரவட்டை இரண்டைப் பிடித்து, செல்போனில் அடியிலிருந்து படம் எடுத்துக் கால் எண்ணினேன். ஒன்றுக்கு 62, இன்னொன்றுக்கு 60. இரண்டும் ஒரே அளவுதான். அண்ணன் நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்கிறான். காலும் உடையவில்லை சார்.

பதில்: பாப்பா, நீ எண்ணியது சரி. இந்த வரிசையில் உன் மரவட்டை மாதிரியானவை முட்டையிலிருந்து வரும்போது மூன்று ஜோடிக் காலோடுதான் வரும். தோல் உரிக்க உரிக்க வளையமும் காலும் கூடும். வால் நுனியோடு சேர்த்து இருபது வளையம் ஆனதும் நின்றுவிடும். முதல் வளையத்துக்குக் கால் இல்லை. அடுத்த மூன்றுக்கு மூன்று ஜோடி. ஐந்திலிருந்து பதினெட்டு வரை பதினான்கு வளையம், இரண்டிரண்டு ஜோடி, ஆக 28. கடைசி இரண்டுக்குக் கால் இல்லை. மொத்தம் 31 ஜோடி, 62 கால். 60 உள்ளதை மறுபடி டம்ளரில் விட்டு, அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏழாவது வளையத்தைக் காட்டு. முன் ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் மடங்கிய சின்னக் கொக்கி தெரியும். அது ஆண்.