காலைச் சங்கு ஏன் 2 செகண்ட் முந்துகிறது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பாக்டரியில் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன் சார். ஷிப்ட் சங்குக்கு இருந்த பழைய குவார்ட்ஸ் டைமர் குளிர்காலத்தில் பின்தங்கிக்கொண்டே போனதால், ஜிபிஎஸ் மாட்யூலையும் ஆர்டுயினோ என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டையும் சேர்த்து நானே ஒன்று செய்தேன். ராத்திரி பேனலை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால், முதல் பத்து நிமிடம் போல போன் நேரத்தைவிட 2 செகண்ட் முந்திக் காட்டுகிறது. பிறகு தானாகவே பின்னால் குதிக்கிறது. அப்போதும் அரை செகண்ட் தாமதம். மூடுபனியாலா, பள்ளத்தில் இருப்பதாலா? ஆன்டெனாவை மாற்றலாமா?

பதில்: ஆன்டெனாவுக்குக் காசு செலவழிக்காதீர்கள். மாட்யூல் மணி பார்ப்பது செயற்கைக்கோள் சிக்னலை வைத்து, மூடுபனி அதை ஒன்றும் செய்யாது. தகரக் கூரை தடுக்கும், மழையில் நனைந்த சில்வர் ஓக் மரங்களும் ஓரளவு குறைக்கும். ஆனால் சிக்னல் குறைந்தால் நேரம் கிடைப்பது தாமதமாகுமே தவிர, கச்சிதமாக 2 செகண்ட் முந்தாது. உங்கள் மாட்யூலுக்கு இருப்பது வேறு கோளாறு, அதுவும் இரண்டு.

முதலில், மாட்யூல் எப்படி மணி பார்க்கிறது என்று சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோளில் இருப்பது அணுக்கடிகாரம், உங்கள் மாட்யூலில் இருப்பது மலிவான குவார்ட்ஸ். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சிக்னல் உங்கள் கூரைக்கு வந்து சேர, செயற்கைக்கோள் நேர் தலைக்கு மேல் இருந்தால் 67 மில்லி செகண்ட் ஆகும், தொடுவானத்துக்குப் பக்கத்தில் இருந்தால் 86 வரை போகும். கிளம்பிய நேரம் சிக்னலிலேயே இருக்கிறது. வந்த நேரத்தை மட்டும் மாட்யூல் தன் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் செயற்கைக்கோள் எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிறது. அந்தக் கடிகாரம் ஒரு மைக்ரோ செகண்ட் பிசகினாலே தூரத்தில் 300 மீட்டர் பிசகும். நம் மலையில் அது பள்ளத்து பாக்டரியை மேட்டு ரோட்டில் கொண்டுபோய் வைத்துவிடும்.

ஆனால் மாட்யூலில் இருப்பது ஒரே கடிகாரம். அதனால் எல்லாச் செயற்கைக்கோள்களின் தூரமும் ஒரே அளவில்தான் பிசகும். நான்கு தூரங்களிலும் எவ்வளவைச் சமமாகக் கழித்தால் அவை ஒரே புள்ளியில் வந்து சேரும் என்று மாட்யூல் கணக்குப் போடுகிறது. கழித்த அளவுதான் அதன் கடிகாரப் பிசகு. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என்று தெரியாதவை நான்கு, அதனால்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள். ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் ஏறக்குறைய இதையே திருப்பிப் போடுகிறார்கள். தரையில் பரப்பி வைத்த கருவிகளில் துகள்கள் எதில் முதலில் விழுந்தன, எதில் சில நானோ செகண்ட் கழித்து விழுந்தன என்று பார்த்து, அவை வானத்தில் எந்தத் திசையிலிருந்து வந்தன என்று சொல்கிறார்கள்.

இப்போது அந்த 2 செகண்ட். ஜிபிஎஸ் கடிகாரம் 1980 ஜனவரி 6-லிருந்து இடைவிடாமல் எண்ணிக்கொண்டே போகிறது. உலக நேரத்திலோ பூமியின் சுழற்சிக்கு ஏற்ப அவ்வப்போது ஒரு லீப் செகண்ட் சேர்த்தார்கள். ஜிபிஎஸ் அதைச் சேர்க்காது. அதனால் 2017 ஜனவரி 1 முதல் ஜிபிஎஸ் 18 செகண்ட் முன்னால் ஓடுகிறது, மாட்யூல்தான் அந்த 18-ஐக் கழித்துக் கொடுக்க வேண்டும். எத்தனை கழிக்க வேண்டும் என்பதையும் செயற்கைக்கோளே சொல்லும், ஆனால் நிதானமாக. செகண்டுக்கு 50 பிட் வேகத்தில் முழுச் செய்தியும் ஒரு சுற்று வர பன்னிரண்டரை நிமிடம் ஆகும், அதில் ஒரே ஒரு முறைதான் இந்த எண் வரும். அதுவரை மாட்யூல் தன் மென்பொருளில் ஏற்கெனவே பதித்த எண்ணை வைத்துக்கொள்ளும். உங்களுடையது 2 செகண்ட் முந்துவதால் 16-ஐக் கழிக்கிறது என்று தெரிகிறது. 16 என்பது 2012 ஜூலை முதல் 2015 ஜூன் வரை செல்லுபடியான எண். கடையில் புதிதென்று கொடுத்திருப்பார்கள், உள்ளே இருக்கும் மென்பொருள் பெரும்பாலும் அந்தக் காலத்தது.

ஒருமுறை கேட்ட எண் தினமும் மறந்துபோவதற்குக் காரணம், மாட்யூலில் இருக்கும் குட்டி பேக்கப் பேட்டரி செத்திருக்கலாம். அதை மாற்றலாம், ஆனால் பொடி சால்டரிங் வேலை. என்னைக் கேட்டால், மாட்யூலுக்கு மட்டும் தனி 5 வோல்ட் அடாப்டர் போட்டு, அதை யுபிஎஸ்ஸில் சொருகி, ராத்திரியும் அணைக்காமல் விட்டுவிடுங்கள். எப்படியும் மழைக்காலத்தில் கரண்ட் போகும், அதற்காக புரோகிராமில் ஒரு வரி சேருங்கள்: பவர் வந்து, சிக்னலும் பிடித்து 15 நிமிடம் ஆகும்வரை ஜிபிஎஸ் நேரத்தை நம்பாதே. அந்த இடைவெளியில் நேரத்தைத் தாங்க டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப் ஒன்றைச் சேருங்கள். குளிர் கூடினால் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும், வருடத்துக்கு சுமார் ஒரு நிமிடம்தான் பிசகும். உங்கள் பழைய டைமருக்கு அந்த வசதி இல்லை. சாதாரண குவார்ட்ஸை 25 டிகிரிக்கென்று செய்கிறார்கள். 10 டிகிரியில் நாளுக்கு அரை செகண்டுக்கு மேல் பின்தங்கும், மார்கழி தையில் நீங்கள் பார்த்தது அதுதான்.

அரை செகண்ட் தாமதம் சுலபமான விஷயம். நீங்கள் சீரியல் வயரில் வரும் எழுத்து வரிகளைப் படித்து மணி வைக்கிறீர்கள். செகண்டுக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு சுமார் 1 மில்லி செகண்ட். மாட்யூல் ஒவ்வொரு செகண்டும் ஏழெட்டு வரி அனுப்பும், நானூறு ஐந்நூறு எழுத்து. நேரமும் தேதியும் உள்ள ஆர்எம்சி வரி கடைசியில் வந்தால் அரை செகண்ட் அங்கேயே போய்விட்டது. மாட்யூலில் பிபிஎஸ் என்று ஒரு பின் இருக்கிறதா பாருங்கள். செகண்ட் தொடங்கும் அந்தக் கணத்தில் அதில் ஒரு பல்ஸ் வரும், மைக்ரோ செகண்டுக்கும் குறைவான பிசகோடு. அதை ஆர்டுயினோவின் இன்டரப்ட் பின்னில், அதாவது பல்ஸ் வந்த உடனே மற்ற வேலையை நிறுத்திக் கவனிக்கும் பின்னில், கொடுங்கள். பெரும்பாலான மாட்யூல்களில் பல்ஸுக்குப் பிறகு வரும் வரி அந்தப் பல்ஸின் நேரத்தைத்தான் சொல்லும். ஆகவே அடுத்த பல்ஸ் வரும்போது ஒரு செகண்ட் கூட்டி வையுங்கள். பின் இல்லையென்றாலும் பரவாயில்லை, மற்ற வரிகளை நிறுத்திவிட்டு ஆர்எம்சியை மட்டும் வரவிடுங்கள், தாமதம் வெகுவாகக் குறையும். சங்குக்கு அது போதும். ஒப்பிட்டுப் பார்க்கும் போன் நேரமே சில சமயம் ஒரு செகண்ட் அப்படி இப்படி இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். மாட்யூல் தருவது உலக நேரம், அதோடு ஐந்தரை மணி கூட்டுகிறீர்கள். தேதியையும் கிழமையையும் கூட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். காலை ஐந்தரைக்கு முன்னால் மாட்யூலுக்கு இன்னும் முந்தைய நாள்தான். ஐந்து மணிக்கு ஒரு சங்கு வைத்திருந்து, ஞாயிறு வேண்டாம் என்று எழுதியிருந்தால், அது ஞாயிற்றுக்கிழமை ஊதிவிட்டுத் திங்கட்கிழமை சும்மா இருக்கும்.