வடதுருவக் காற்றில் கரியமில வாயு: கேள்வி பதில்

கேள்வி: கரியமில வாயு கூடிக்கொண்டே போகிறது என்கிறார்கள். அலாஸ்காவின் வடகோடியில் இருக்கும் பாரோ நிலையத்தில் கோடையில் குறைகிறதே?

பதில்: இரண்டும் உண்மை. ஜூனில் சைபீரியா, கனடாவின் ஊசியிலைக் காடுகளில் ஒளிச்சேர்க்கை சூடுபிடிக்கும். அளவு மளமளவென்று இறங்கி ஆகஸ்டில் அடிமட்டம் தொடும். அப்புறம் இலையும் வேரும் மக்கி, குளிர்காலம் முழுக்க ஏறி, மே வாக்கில் உச்சம். பாரோவில் இந்த ஏற்ற இறக்கம் 15 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு) மேல். ஹவாயின் மௌனா லோவாவில் 6, 7 தான். தென் துருவத்தில் ஓரிரண்டைத் தாண்டாது, அந்தப் பக்கம் காடு வளரும் நிலமே குறைவு. ஒன்றை மறக்காதீர்கள்: கூடுகிறதா என்று பார்க்க, ஓர் ஆண்டின் ஆகஸ்டை இன்னோர் ஆண்டின் ஆகஸ்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: மீத்தேனும் இப்படித்தானா?

பதில்: அதை அழிப்பது தாவரமல்ல, காற்றில் நடக்கும் வேதிவினை. வளிமண்டல வேதியியல் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஏற்ற இறக்கம் பெரிதாகி வருகிறதாமே. காடு அதிகம் உறிஞ்சுகிறது, நல்லதுதானே?

பதில்: பெரிதாவது உறுதி. 1958-61 விமான அளவீடுகளை 2009-11 அளவீடுகளோடு வைத்துப் பார்த்தால், 45 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே சுமார் 50 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் இது கோடை வரவும் (உறிஞ்சுவது) குளிர்காலச் செலவும் (வெளிவிடுவது) சேர்ந்த கணக்கு. இரண்டும் கூடினாலும் மிச்சம் அப்படியே நிற்கலாம்.

கேள்வி: மே மாதத்தைவிட ஆகஸ்டில் குறைவு. பிரச்சினை தீர்கிறதா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். ஆகஸ்டுக்கு ஆகஸ்டு.

கேள்வி: காட்டைப் பற்றிக் கேட்டவன்தான். உறைந்த மண்ணில் செலவு எப்படி நடக்கும்?

பதில்: உடனே உறைவதில்லை, அங்கேதான் விஷயம். மேலே பனி மூடியிருக்கும், அடியில் நிரந்தர உறைமண். நடுவிலுள்ள ஈரமண் பூஜ்ஜியம் டிகிரியிலேயே வாரக்கணக்கில் நிற்கும், ஏனென்றால் நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அதுவரை நுண்ணுயிரிகள் மக்கைத் தின்றுகொண்டே இருக்கும். பாரோ பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தூந்திரா, அதாவது மரமில்லாத குளிர்ச் சமவெளி, வெளிவிடும் கரியமில வாயு 1975க்குப் பிறகு சுமார் 70 சதவீதம் கூடிவிட்டது.

கேள்வி: அப்படியானால் காடு எதற்கு?

பதில்: காட்டைக் குறை சொல்லவே இல்லை. மனிதர் வெளிவிடுவதில் கால் பங்குக்கு மேல் நிலத்துத் தாவரமும் மண்ணும்தான் வாங்கிக்கொள்கின்றன. நான் சொல்வது தூந்திராவை. 2012-14இல் அலாஸ்காவின் தூந்திரா வாங்கியதைவிட விட்டதே அதிகம். கோடையில் மட்டும் அளந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. அக்டோபர், நவம்பர் அளவீட்டை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள்.